மாசாயில் மாப்பிள்ளை நடந்த கணக்கு

ஒரு மனிதர் காலையில் நடக்கிறாரா இல்லையா என்று பார்ப்பதற்காகக் கடல் தாண்டிப் போன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். என் தங்கை ஸ்டெல்லா திண்டுக்கல்லிலிருந்து ஜொகூருக்குக் கல்யாணமாகிப் போய் முப்பது வருடம் ஆகிறது. அவள் கணவர் அந்தோணி, பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்து, வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று நான் டிக்கெட் போட்டிருந்தேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, வர்றதுதான் வர்ற. காலையில அவரு கூடப் போயி நடந்து பாரு. நெசமாவே நடக்குறாரா, இல்ல எங்கயாச்சும் உக்காந்துட்டு வர்றாரான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

விஷயம் இதுதான். கம்பெனி கிளினிக் டாக்டர், தினம் ஐயாயிரம் அடி நடந்து காட்டினால்தான் திரும்ப பஸ் ஓட்டக் கடிதம் தருவேன் என்று சொல்லிவிட்டார். மகள் ஜெனி சிங்கப்பூரில் வேலை பார்ப்பவள். அப்பா கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். அவர் எத்தனை அடி வைக்கிறார் என்பது அவளுடைய போனிலேயே தெரிந்துவிடும். ஒரு மாதம் ஆயிற்று. மனிதர் தினமும் ஒரு மணி நேரம் வெளியே போய் வேர்த்து விறுவிறுத்து வருகிறார். கடிகாரமோ நானூறைத் தாண்ட மாட்டேன் என்கிறது. டாக்டர் கடைசியாக ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தார். அந்த ஏழு நாளில் ஐந்து நாளாவது ஐயாயிரம் வர வேண்டும். வராவிட்டால் பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அவரைச் சாமான் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

தங்கை வீட்டுக்காரரை வேவு பார்ப்பதா? எங்கள் பக்கம் மாப்பிள்ளையை நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்கவே யோசிப்போம். ஆனால் நான் முப்பத்தைந்து வருடம் நில அளவைத் துறையில் அளவுச் சங்கிலி பிடித்தவன். தப்பான அளவு ஒன்று கண்ணில் பட்டால் எனக்குத் தூக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை செனாய் விமான நிலையத்தில் இறங்கி, தங்கை குடியிருக்கும் மாசாய்க்கு வாடகைக் காரில் போனேன். வரிசை வீடுகள் ஒரே அச்சு, ஒரே கேட், வாசலில் ஒரே மாதிரி மோட்டார் சைக்கிள்கள். ஓட்டுநர் ஒரு சந்து முன்னாலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் எண்ணைப் பார்த்துப் பெட்டியோடு உள்ளே நுழைந்து, "ஸ்டெல்லா!" என்று கூவினால், கைலியில் ஒரு மலாய்க்காரர் வந்து நின்று சிரிக்கிறார். அந்தோணி வீடா, அடுத்த சந்து என்று கையைக் காட்டிவிட்டு, என் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். ஊரெல்லாம் எல்லைக்கல் நட்டவன் வந்து இறங்கிய லட்சணம் இது!

மாப்பிள்ளை பாதியாக இளைத்திருந்தார். "வாங்க மச்சான், பசியாறிட்டீங்களா?" என்றார். இந்தச் சொல்லைக் கேட்க மட்டுமே இந்த நாட்டுக்கு இன்னொரு தடவை வரலாம். நம் ஊரில் 'டிபன் ஆச்சா' என்பதில் இந்தக் கரிசனம் கிடையாது.

சாயங்காலம் ஜெனி வேலையிலிருந்து வந்தாள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் கடந்து சிங்கப்பூர் போய் இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிற பிள்ளை. சாப்பாட்டு மேசையில் போனை எடுத்து வாசித்தாள். "இன்னைக்கு இருநூத்தி எண்பத்தி ஏழு. அப்பா, என்னாப்பா இது?"

"நடந்தேன் லா" என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான். தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

புதன் காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம். என் கையிலும் ஒரு கடிகாரம் உண்டு. என் மகள் அமலா வாங்கித் தந்தது. ஆனால் எனக்கு யந்திரத்தைவிட என் பழைய வழியில்தான் நம்பிக்கை. நூறு அடிக்கு ஒரு கூழாங்கல்லை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவேன். மாசாயில் கல் பொறுக்க முடியவில்லை, எல்லாம் சிமெண்டும் தாரும். அதனால் ஸ்டெல்லா வீட்டு டப்பாவிலிருந்து வறுத்த கடலையை ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை இடது கையில் ஒரு மரச் செபமாலையைப் பிடித்து நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டார். உதடு அசைய, நல்ல வேகத்தில் நடந்தார். குடியிருப்பைச் சுற்றி ஆறு சுற்று. சுராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடம் தாண்டி, குளம் தாண்டி, முனையில் மேசை போட்டு நாசி லெமாக் விற்கும் ஒரு மலாய் அம்மாவைத் தாண்டித் திரும்ப வேண்டும். காற்று பாசிர் கூடாங் பக்கமிருந்து அடிக்கும்போது லேசாக ஒரு இரசாயன வாடை. எங்கள் ஊரில் தோல் பதனிடும் பக்கம் போனவனுக்கு இதெல்லாம் வாடையே இல்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: "இன்னைக்குக் கூட்டாளியோட வந்துட்டாரே, இவரு ஆறாவது தடவை போறப்பதான் நான் கடைய எடுத்து வைக்கிறதுன்னு சொல்றாங்க." வாழை இலையில் மடித்து, நெத்திலிச் சம்பலோடு தேங்காய்ப்பால் சோறு மணக்கிறது. டாக்டர் அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அந்த மேசையைத் தினம் ஆறு தடவை வெறுங்கையோடு தாண்டிப் போகிற மனிதரைச் சந்தேகப்படுகிறார்களே, அட ஆண்டவரே!

வீட்டுக்கு வந்ததும் கடலையை எண்ணப் போனேன். இடது பையில் பதினொன்று இருந்தது. அப்படியென்றால் ஆயிரத்து நூறு அடி. அதெப்படி? பிறகுதான் புரிந்தது, நாலாவது சுற்றிலிருந்து பேச்சு சுவாரஸ்யத்தில் கணக்கைத் தின்றுகொண்டே வந்திருக்கிறேன். என் சர்வீஸில் ஆவணத்தைச் செல் அரித்திருக்கிறது, அதிகாரி தொலைத்திருக்கிறார். நானே மென்றது இதுதான் முதல் தடவை.

என் கடிகாரம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. அவருடையது முந்நூற்றுப் பன்னிரண்டு.

"நடந்தாரு ஸ்டெல்லா, என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"மச்சானும் மாப்பிள்ளையும் சேந்துட்டீங்க" என்றாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அண்ணனை நம்பாமல் போனாள்.

வியாழக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. கடிகாரம் கோளாறு என்றால் மாற்றிக் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவருடையதை நான் கட்டினேன், என்னுடையதை அவர் கட்டினார். ஆறு சுற்று. என் கையில் இருந்த அவர் கடிகாரம் ஐயாயிரத்து எண்ணூறைக் காட்டியது. அவர் கையில் இருந்த என் கடிகாரம் முந்நூற்றைம்பதோடு நின்றது. இரண்டும் நல்ல கடிகாரங்கள். மனிதர்தான் பிழை என்றாகிவிட்டது.

"என் காலை எந்த மிஷினும் நம்ப மாட்டேங்குது மச்சான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

இதற்குள் சிங்கப்பூரிலிருந்து ஜெனி போனில் துள்ளிக் குதித்தாள். "அப்பா, ஐயாயிரத்து எண்ணூறு! கெட்டிக்காரர் லா நீங்க!" நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "இல்லம்மா, அது நான் நடந்தது" என்றேன்.

"அலமாக்! மாமா கையில கட்டி ஏமாத்துறீங்களாப்பா? டாக்டரை ஏமாத்தலாம், உங்க நெஞ்சை ஏமாத்த முடியுமா?" குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். கோபம் அவ்வளவும் பயம் என்று எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளை எழுந்து பின்கட்டுக்குப் போய்த் துணி காயப்போட ஆரம்பித்தார். காய்ந்த துணிகளையே எடுத்துத் திரும்பக் காயப்போட்டார்.

அன்று மத்தியானம் என்னைச் சமாதானப்படுத்த ஸ்டெல்லா ஜொகூர் லக்சா வாங்கி வந்தாள். மீன் குழம்பை இத்தாலிக்காரன் நூடுல்ஸில் ஊற்றித் தருகிறார்கள். முதல் வாயில் என்னடா இது என்று இருந்தது. தட்டு காலியானது எப்போது என்று தெரியவில்லை. நம் ஆட்கள் இடியாப்பத்தில் ஊற்றியிருப்பார்கள், அதுதான் வித்தியாசம்.

வெள்ளியும் சனியும் இன்னும் வேடிக்கை. காலையில் நடந்துவிட்டு வந்தால் முந்நூறு. சாயங்காலம், நெஞ்சுவலிக்குப் பிறகு முதல் தடவையாக, கோயில் திருவிழாவுக்குப் பாட்டுப் பயிற்சி என்று போய் வந்தார். அப்போது பார்த்தால் ஏழாயிரம். "பாத்தீங்களா மாமா? மனசு வச்சா நடக்குறாரு" என்றாள் ஜெனி, பாதி சமாதானமாகி. மாப்பிள்ளை வியாழனிலிருந்து அந்தக் கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டால், "அது என்னமோ சொல்லிக்கிட்டுப் போவட்டும்" என்பார்.

ஞாயிறு தமிழ்ப் பூசையில்தான் எனக்கு வெளிச்சமாயிற்று. பாடகர் குழுவுக்குப் பக்கத்து பெஞ்சில் நான். மாப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டுத் தபேலா வாசிக்கிறார். அந்தக் கை போன போக்கு இருக்கிறதே! நெஞ்சுவலிக்காரர் வாசிப்பு மாதிரியா இருந்தது? காணிக்கைப் பாட்டு உச்சத்துக்குப் போனபோது, அவர் மணிக்கட்டில் கடிகாரம் நடுங்கி, முகப்பில் வாணவேடிக்கை காட்டியது. ஐயாயிரம் அடி முடித்தாராம்! உட்கார்ந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை மனிதர்.

கை! சனியன் காலை எண்ணவே இல்லை, கையைத்தான் எண்ணுகிறது. கை வீசினால் ஒரு அடி. கடிகாரம் கட்டிய இடது கையால் செபமாலையை நெஞ்சோடு பிடித்தால் அந்தக் கை வீசாது. கை வீசாவிட்டால் மனிதர் நடக்கவே இல்லை. நான் பூசையில் இருப்பதையும் மறந்து தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். முன்னால் இருந்த அம்மா திரும்பி முறைத்தார்.

வெளியே வந்ததும் விளக்கினேன். ரொம்பச் சுலபம், செபமாலையை வலது கைக்கு மாற்றுங்கள், இடது கையை வீசுங்கள் என்றேன்.

"முடியாது மச்சான்."

"ஏன் மாப்பிள்ளை?"

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். எழுந்து நடந்தா, நெஞ்சுப் பக்கம் மணியப் பிடிச்சுத்தான் நடப்பேன்னு. நெஞ்சு இந்தப் பக்கம் இருக்கு. நான் என்னா செய்ய?"

சரி, கடிகாரத்தை வலது கைக்கு மாற்றலாம் என்றால், குழாய் விட்ட இடத்தில் பட்டை உரசினால் உடம்பு கூசுகிறதாம். இதை ஒரு மாதமாக வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நடந்தாயா, நடந்தாயா என்றுதான் கேட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் பின்சந்தில் அளவெடுத்தோம். ஜெனிக்கு விடுமுறை, அவள்தான் சாட்சி. கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளையின் வலது காலுறைக்குள், கணுக்காலுக்கு மேலே இறுக்கமாகச் செருகினேன். அவர் செபமாலையோடு நடந்தார், நான் பக்கத்திலேயே சத்தமாக எண்ணினேன். இந்தத் தடவை கடலை இல்லை. ஐந்நூறு என்று நிறுத்தியபோது கடிகாரத்தில் கூடியிருந்தது நானூற்றுத் தொண்ணூற்றேழு. இன்னொரு தடவை: ஐந்நூற்று இரண்டு. என் சங்கிலியே இவ்வளவு சுத்தமாகக் காட்டியதில்லை. திங்கள்கிழமை ஆறு சுற்றுக்கு ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் காட்டியது.

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு இரண்டு புட்டு மாயம், நம் இடியாப்பம்தான், கூடுதலாக வைத்தாள். ஜெனி மட்டும் போனைப் பார்த்தபடி இருந்தாள். "இது ஒரு நாள்தானே மாமா. டாக்டர் அஞ்சு நாள் கேக்குறாங்க." பிறகு விரல் விட்டு எண்ணினாள். வியாழன், மாமா நடந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு தபேலா. திங்கள் நிஜம். "அஞ்சு! கணக்கு சரியா வருது. யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. அப்பா நெசமாவே நடந்திருக்காரு, அப்புறம் என்னா?"

தப்பான அளவைக் கண்டால் தூக்கம் வராதவன் நான். தலையாட்டிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய் காலை வாடகைக் காரில் கிளினிக்குக் கிளம்பினோம். ஜெனி அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். கார் பாசிர் கூடாங் சாலையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முன் இருக்கையில் இருந்த மாப்பிள்ளை, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். "லேன் மாறு தம்பி, இந்த நேரத்துல இடது பக்கம் ஃபேக்டரி பஸ்ஸுங்க நிக்கும்" என்றார். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் போனது. அந்த ஓட்டுநர் இவரைப் பார்த்துவிட்டு ஹாரனை நீளமாக அடித்தார். மாப்பிள்ளை கையைத் தூக்கினார். அப்புறம் அது கண்ணில் மறையும் வரை திரும்பிப் பார்த்தார். அரை மணி தாமதமாகப் போய் இறங்கி, காலுறையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால், காரில் உட்கார்ந்தபடி எழுபது அடி நடந்திருக்கிறார். பிரேக்! இனி இடது காலில்தான் செருக வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். ஜெனியின் போனைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், "பரவாயில்லையே, ஐந்து நாள் வந்துவிட்டதே. நல்ல முன்னேற்றம்" என்றார். கடிதத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"டாக்டர்" என்றார் மாப்பிள்ளை.

ஜெனி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிறுத்தவில்லை. மலாயில், மெதுவாக, விரலால் போனைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். எனக்கே புரிந்தது. இது இவர் நடந்தது, என் மச்சான். இந்த மூன்று நாள் நான் உட்கார்ந்து தபேலா வாசித்தது. இந்தத் திங்கள் ஒன்றுதான் நான். மற்ற நாளும் நடந்தேன், ஆனால் அது இதில் இல்லை.

"அப்பா, ஏம்பா?" என்றாள் ஜெனி, அழாத குறையாக.

அவர் தமிழில் அவளிடம் சொன்னார்: "பஸ்ஸுல நாப்பது பேரு ஏறுவாங்கம்மா. ஷிப்ட் முடிஞ்சு எல்லாரும் தூங்கிக்கிட்டு வருவாங்க. என்னைய நம்பித்தான் தூங்குறாங்க. என் நெஞ்சு சரியா இருக்கான்னு டாக்டர் நெசமா பாத்துச் சொல்லட்டும். இல்லன்னா வேணாம்."

ஜெனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கு வந்த கடிதத்தை உண்மை பேசித் தள்ளிவிடுகிற மனிதர், ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் 'நடந்தேன் லா' என்று பொய்யா சொல்லியிருப்பார்? அது அவள் முகத்தில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். "சாரிப்பா" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்து, "வாங்க, வராந்தாவில் நடந்து காட்டுங்க. ஆறு நிமிடம். நானே பார்க்கிறேன்" என்றார். கடிகாரம் மேசையிலேயே கிடந்தது. மாப்பிள்ளை பையிலிருந்து செபமாலையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த முனைக்கும் இந்த முனைக்கும், காத்திருந்த தொழிலாளிகள் காலை மடக்கி வழிவிட, டாக்டர் பின்னாலேயே போனார். நான் உள்ளுக்குள் எண்ணினேன், பழக்கதோஷம். அறுநூற்று எண்பது. பிறகு நாடி, ரத்த அழுத்தம், மார்பில் ஒயர்கள் ஒட்டி ஒரு நீளமான காகிதம். டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார்.

பகல் ஷிப்டில் மட்டும் பஸ் ஓட்டலாம், இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாப்பிள்ளை கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதுவும் இடது பக்கம்தான்.

இரண்டு நாள் கழித்து நான் புறப்பட்டபோது, விமான நிலையத்தில் என் கையில் அவருடையதைப் போலவே ஒரு மரச் செபமாலையைத் திணித்தார். "நடக்குறப்ப வச்சுக்குங்க மச்சான். கடலை வேணாம்." நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளையை நான் கட்டிப்பிடித்தது அவர் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

திண்டுக்கல் வந்த மறுநாள் காலை, மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்தேன். வீட்டுக்கு வந்து வேர்வையைத் துடைப்பதற்குள் அமலாவிடமிருந்து போன்.

"என்னப்பா, இன்னைக்கு வாக்கிங் போகலையா? இருநூத்தித் தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது?"

குனிந்து பார்த்தேன். மரமணிகள் இன்னும் என் இடது கையில், நெஞ்சோடுதான் இருந்தன.

"நடந்தேன்மா" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்கப்பா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற மகள், அப்பன் பேச்சைவிடக் கடிகாரம் பெரிதா? கத்த வாயைத் திறந்தேன். ஒரு மாதம், தினம் தினம், இதையே கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாரே என்று அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.